வியர்வைக்கு எத்தனை பெயர்?

ஒரு மொழியின் இயல்பை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் பெருஞ்சொற்களையே தேடிச் செல்கின்றனர். அன்பு, அறம், அரசு, ஆன்மா ஆகிய சொற்களை அம்மொழியார் எவ்வாறு ஆளுகின்றனர் என்று கேட்டறிந்தால் அவர்தம் உள்ளம் விளங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். மதரஸாவில் ஓதிய இளமைக் காலந்தொட்டு அறபு லுகத்தையும் தமிழ் நிகண்டையும் மாறி மாறிப் புரட்டி வந்துள்ள நமக்கு அவ்வெண்ணம் முழுவதும் உடன்பாடன்று. பெருஞ்சொற்களைப் புலவர்களும் அறிஞர்களும் எண்ணிப் பார்த்துச் செப்பனிட்டு வைத்திருக்கின்றனர். பசி, கொட்டாவி, தும்மல், வியர்வை போன்ற உடம்பின் சிறு சொற்களோ எவர் கருத்தையும் ஈர்க்காமல் கிடப்பவை. ஒரு சமூகம் யாரை உயர்த்தியது, யாரைத் தாழ்த்தியது, எதற்கு நாணியது என்னும் செய்தி அவற்றில்தான் மறைவின்றி இருக்கின்றது.

இதற்குச் சான்றாக வியர்வை என்னும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஆங்கிலமும் பின்லாந்து நாட்டின் பின்னிய மொழியும் அதனை எவ்வாறு பெயரிட்டு அழைக்கின்றன என்று ஈண்டு நோக்குவோம். ஆங்கிலம் நேயர்கள் அறிந்ததே. பின்னிய மொழியை நமக்கு அறிமுகப்படுத்தியவர் நம்மிடம் அறபு பயின்ற மாணவர் ஒருவர். தலைநகர் ஹெல்சிங்கியை அடுத்த எஸ்போ நகரில் பொறியாளராக இருக்கின்றார். வெளிநாட்டிலிருந்து வருவோர் ஆசிரியர்க்கு அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டு வருவது வழக்கம். அவர் கொண்டு வந்தது பின்னிய-ஆங்கில அகராதி. ஐயம் எழுந்தபோதெல்லாம் கைப்பேசி வாயிலாக அவரைக் கேட்டே தெளிந்தோம்.

முதலில் ஆங்கிலம். வியர்வைக்கு அம்மொழியின் பழஞ்சொல் ‘ஸ்வெட்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது ‘ஸ்வாத்’ என வழங்கியது. அக்காலக் கவிதையில் அதற்குக் குருதி என்ற பொருளும் உண்டு. ‘பேயோவுல்ஃப்’ காப்பியத்தில் போரிற் சிந்தும் இரத்தம் அச்சொல்லால் குறிக்கப்படுகின்றது. உழவன் வயலில் சிந்தியதும் வீரன் களத்தில் சிந்தியதும் ஒரே பெயர் பெற்றிருந்த காலம் அது. பிற்பாடு 1485 முதல் 1551 வரை ஐந்து முறை இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய்க்கும் ‘வியர்வை நோய்’ என்பதே பெயர். அந்நோய் அரண்மனைக்கும் குடிசைக்கும் வேறுபாடு காட்டவில்லை. சொல்லும் அன்று வேறுபாடு காட்டவில்லை. 1611இல் அரசர் ஜேம்ஸின் ஆணைப்படி வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலும், ஆதி மனிதனின் உழைப்பைக் கூறுமிடத்து நிற்பது இந்தப் பழஞ்சொல்லே.

அதே நூற்றாண்டில்தான் இன்னொரு சொல் ஆங்கிலத்தில் குடியேறியது. ‘பெர்ஸ்பயர்’ என்னும் அச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘பெர்’ என்றால் ஊடாக. ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுதல். ஊடாக மூச்சுவிடுதல் என்பது அதன் முதற்பொருள். இத்தாலியின் பாதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சாந்தோரியோ என்பார், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்தவர். உண்டதைவிடக் கழித்தது மிகக் குறைவாக இருக்கக் கண்டு, எஞ்சியது கண்ணுக்குப் புலனாகாமல் உடலினின்றும் ஆவியாகி வெளியேறுகின்றது என 1614இல் நூலெழுதி வெளியிட்டார். அந்தப் புலனாகா ஆவிக்கு மருத்துவர் இட்ட பெயர்தான் இச்சொல். நெற்றியில் முத்தாக அரும்பி நிற்கும் வியர்வைக்கும் இதற்கும் தொடக்கத்தில் தொடர்பு குறைவு.

ஆயினும் புலனாகாத பொருளைக் குறித்த சொல் என்பதனாலேயே அது நாகரிகச் சொல்லாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் செல்வர், தம் உடம்பிலும் ‘ஸ்வெட்’ உண்டாவதாகச் சொல்ல நாணினர். இலண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ 1791இல் இப்போக்கை எள்ளி நகையாடியது. வண்டியோட்டிகளும் கரி சுமப்போரும் பல்லக்குத் தூக்குவோரும் நீங்கலாக, நாட்டில் வேறெவர்க்கும் இப்போது ‘ஸ்வெட்’ வருவதில்லை, எல்லார்க்கும் ‘பெர்ஸ்பிரேஷன்’தான் என்பது அந்த நகையாடலின் சாரம். குதிரைக்கு ஒரு சொல், ஆடவர்க்கு ஒரு சொல், சீமாட்டியர்க்கு ஒளிர்தல் என்று இன்னொரு சொல் என வகைப்படுத்தும் வேடிக்கை வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. இவற்றுக்கு மேலாக மருத்துவர் கிரேக்கத்திலிருந்து ‘டயஃபோரிசிஸ்’ என ஒன்றும், அளவு மிகுந்தால் ‘ஹைப்பர்ஹைட்ரோசிஸ்’ என மற்றொன்றும் எடுத்து வைத்துக்கொண்டனர். நீர் ஒன்றே, சிந்துபவரின் தகுதிக்கேற்பப் பெயர் மட்டும் படிப்படியாக ஏறிச் செல்கின்றது.

மேற்படிகளில் இடம் பெறாத பழஞ்சொல் எங்கே சென்றது? அது உழைப்பவரோடு தங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இலண்டன் தையற் கூடங்களில் ஏழைகளை அற்பக் கூலிக்குக் கசக்கிப் பிழிந்த இடைத்தரகனுக்கு ‘ஸ்வெட்டர்’ என்று பெயர். வியர்க்கச் செய்பவன் என்பது பொருள். 1850இல் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் பாதிரியார் அந்தக் கொடுமையைச் சாடிச் சிறுநூல் வெளியிட்டார். பிரபுக்கள் சபை நியமித்த குழு 1888 முதல் 1890 வரை அதனை ஆராய்ந்தது. அக்குழு ஆராய்ந்த பொருளின் பெயரே ‘வியர்வை முறை’ என்பதுதான். குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும் வாரியங்களுக்கான சட்டம் 1909இல் நிறைவேறிற்று. நாம் குளிருக்கு அணியும் கம்பளிச் சட்டையின் ‘ஸ்வெட்டர்’ என்னும் பெயரும் அதே வேரினதே; எடை குறைப்பதற்காக வியர்க்க வேண்டி விளையாட்டு வீரர் அணிந்தமையால் வந்த பெயர் அது. ஒரே சொல் ஒருவனுக்குச் சட்டையாயிற்று, இன்னொருவனுக்குச் சாட்டையாயிற்று.

இவ்விடத்தில் நம் ஆசிரியப் பணியில் நேர்ந்த ஒன்றைச் சொல்லுதல் தகும். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு, நாம் அறபு கற்பித்த பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரை ஏட்டை ஏந்திக்கொண்டு நம்மிடம் வந்து நின்றான். அவன் தந்தை அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். ‘என் தந்தை’ என்னும் கட்டுரையில் அவன் ‘ஸ்வெட்’ என எழுதியிருந்தான். திருத்திய ஆசிரியர் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘பெர்ஸ்பயர்’ என எழுதியிருந்தார். ஓரத்தில், அடித்த சொல் நாகரிகமற்றது என்ற குறிப்பும் இருந்தது.

“ஹஜ்ரத், எங்க அத்தாவுக்கு வர்றது வேர்வைதானே? அதை ஏன் அடிச்சாங்க?” என்று கேட்டான்.

கேட்டவன் குரலில் சினமில்லை. தந்தையிடத்தில் ஏதோ குறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது போன்ற அச்சமே இருந்தது. பள்ளி நூலகத்தின் பெரிய அகராதியை எடுத்து, இரு சொற்களையும் அவனுக்குக் காட்டினோம். “இரண்டும் ஒன்றே தம்பி. உன் ஆசிரியர் சபை வழக்கைச் சொல்லியிருக்கிறார். நீ எழுதியது அதைவிட மூத்த சொல். உன் அத்தாவுக்குப் பொருந்துவதும் அதுவே” என்றோம். அவன் அதே மையடித்த ஏட்டில், அடித்த சொல்லை மீண்டும் ஒருமுறை சிறிய எழுத்தில் எழுதிக்கொண்டான். அவர்தாம் இன்று எஸ்போவில் இருப்பவர். பின்னிய மொழியில் வியர்வைக்கு என்ன சொல் என்று நாம் கேட்பதற்கு முன்னரே அவர் நமக்கு எழுதியதன் காரணத்தை நேயர்கள் உணர்வர்.

அம்மொழியில் வியர்வைக்குப் பெயர் ‘ஹிக்கி’. அதற்கு மேற்படியும் இல்லை, கீழ்ப்படியும் இல்லை. வியர்த்தல் என்னும் தொழிற்பெயர் ‘ஹிக்கொய்லு’. மரம் வெட்டுபவன் அதைத்தான் சொல்கின்றான். மருத்துவரும் அதைத்தான் எழுதுகின்றார். ஆங்கில மருத்துவர் ‘ஹைப்பர்ஹைட்ரோசிஸ்’ என்று கிரேக்கம் பேசுமிடத்தில் பின்னிய மருத்துவர் ‘லீக்காஹிக்கொய்லு’ என்கின்றார். ‘லீக்கா’ என்றால் மிகை, மிகைவியர்வை, அவ்வளவே. நோயாளி அகராதி தேட வேண்டியதில்லை.

ஸர்ஃபு என்னும் சொல்லாக்கக் கலையை ஓதியவர்க்கு இவ்வேரின் கிளைகள் பெருவிருந்து. ‘ஹியொஸ்தா’ என்றால் வியர்க்கச் செய்தல். அதிலிருந்து பிறந்த ‘ஹியொஸ்தவா’ என்னும் அடைமொழி, நாம் புழுக்கம் என்போமே, அந்த வானிலையைக் குறிக்கும். ஒருவரை நெருக்கிக் கேள்வி கேட்டு வாட்டுவதற்கும் அதே வினை. ‘ஹிக்கேன்த்துயா’ என்றால் பேச்சுவழக்கில் சினங்கொள்ளுதல். அரும்பாடுபட்டு மயிரிழையில் பெற்ற வெற்றி, வியர்வை படிந்த வெற்றி எனப்படும். கடுமையாக உழைப்பவனைப் பற்றி ‘தொப்பியில் வியர்வையோடு’ பாடுபடுகின்றான் என்பர். நெற்றியில் திரளும் துளிக்கு அவர்கள் இட்ட பெயர் நம்மைப் பெரிதும் கவர்ந்தது: ‘ஹிக்கிகர்ப்பலோ’. ‘கர்ப்பலோ’ என்பது அந்நாட்டுச் சதுப்பு நிலங்களில் விளையும் சிறு செங்கனி. கடலறிந்த தமிழன் வியர்வைத் துளியை முத்தென்றான். சதுப்பு நிலத்தில் குனிந்து கனி பொறுக்கியவன் அதனைக் கனியென்றான்.

நெற்றியைச் சொன்னபோது இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. நேர்மையாக உழைத்துண்பதை ஆங்கிலேயர் புருவ நெற்றியின் வியர்வை என்பர். பின்னியர் ‘ஒத்ஸா ஹியெஸ்ஸா’, நெற்றி வியர்வையில் இருக்க, என்பர். அறபியில் ‘அரக்குல் ஜபீன்’, நெற்றியின் வியர்வை. நம் தொல்காப்பியமோ மெய்ப்பாட்டியலில் நெற்றி வியர்த்தலைக் காதலின் தொடக்கக் குறிகளுள் ஒன்றாக எண்ணியது. வியர்வை உடலெங்கும் அரும்பினும் எல்லா மொழியினரும் நெற்றியிலேயே அதைக் கண்டனர். மறைக்க முடியாத இடம் அதுவன்றோ?

இனி இலக்கணத்தை நோக்குவோம். ஆங்கிலேயன் ‘நான் வியர்க்கிறேன்’ என்பான். அச்செயலுக்கு அவனே எழுவாய். தமிழன் ‘எனக்கு வியர்க்கிறது’ என்பான். வியர்ப்பது அவன் செயலன்று, அவனுக்கு நேர்வது. அறபியில் வினைவடிவம் எழுவாய் ஏற்பினும், ‘அரிக’ என்னும் அவ்வினை, நோயுறுதல், தாகமெடுத்தல், மகிழ்தல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளின் வாய்பாட்டில் அமைந்தது. அவ்வாய்பாட்டில் மனிதன்மேல் வந்து படியும் நிலைகளே மிகுதி. 15 வேற்றுமைகளை உடைய பின்னிய மொழி எல்லா வழிகளையும் திறந்து வைத்திருக்கின்றது. ‘நான் வியர்க்கிறேன்’ என்றும் சொல்லலாம். ‘மினுல்லா ஒன் ஹிக்கி’, என்னிடத்தில் வியர்வை உள்ளது, என்றும் சொல்லலாம். ‘மினுவா ஹியொத்தா’ என்றால், என்னை ஏதோ வியர்க்கச் செய்கின்றது என்பதாகும். செய்வது எது என்று சொல்லப்படுவதில்லை. பனி நாட்டு மொழியொன்று வெயில் நாட்டுத் தமிழின் உணர்வுக்கு இத்துணை அருகில் வருவது வியப்பே.

பனி நாட்டினர்க்கு வியர்வையைப் பற்றி இவ்வளவு பேச என்ன தேவை எனச் சிலர் கேட்கக் கூடும். விடை ‘சவுனா’ என்னும் அவர்களது வெப்பக் குளியலறை. சுமார் 55 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சவுனாக்கள் உள்ளன. 2020இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. முற்காலத்தில் பிள்ளைப்பேறு நடந்ததும், இறந்தோரைக் கழுவியதும் அவ்வறையிலேயே. 1960இல் குடியரசுத் தலைவர் கெக்கொனென் தம் அறுபதாம் பிறந்தநாளில் சோவியத் தலைவர் குருஷ்சேவை அழைத்துச் சென்று அமர்த்தியதும் சவுனாவில்தான். நம் மாணவரும் உடன் பணிபுரிவோர் அழைப்பை மறுக்காது சென்றார். இடையில் துண்டு உடுத்தியே அமர்ந்தாராம், எவரும் குறை கூறவில்லையாம். மேலாளரும் புதிதாகச் சேர்ந்த இளைஞனும் ஒரே பலகைமீது அமர்ந்து, ஒரே சொல்லால் தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டனர் என்று எழுதியிருந்தார்.

அங்கே காய்ந்த கற்களின்மேல் நீரை வார்த்தவுடன் எழும் ஆவிக்கு ‘லோய்லு’ என்று பெயர். அது தோலைத் தீண்டியதும் உடலெங்கும் ஈரம் பெருகும். அவ்வீரத்தில் ஒரு பகுதி, குளிர்ந்த தோலில் படிந்த ஆவியே; வியர்வையும் ஆவியும் அங்கே பிரித்தறிய இயலாதபடி கலந்துவிடுகின்றன. ஆனால் அச்சொல்லின் பழம்பொருள் ஆவியன்று, உயிர்! தொலைவான உறவுடைய ஹங்கேரிய மொழியில் அதன் இனச்சொல் இன்றும் ஆன்மாவைக் குறிக்கின்றது. அறபியில் ‘ரூஹ்’ உயிர், ‘ரீஹ்’ காற்று; ‘நஃப்ஸ்’ ஆன்மா, ‘நஃபஸ்’ மூச்சு. தமிழிலோ ஆவி என்னும் ஒரு சொல்லே நீராவியையும் உயிரையும் குறிக்கின்றது. ஆங்கிலச் சீமான் நாணத்தால் தேடிப் பிடித்த ‘பெர்ஸ்பயர்’ என்னும் சொல்லின் உள்ளேயும் மூச்சுதான் இருக்கின்றது. வியர்வையை விட்டு ஓடியவனும் வியர்வையைத் தேடி அமர்ந்தவனும் கடைசியில் உயிர்மூச்சு என்னும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துள்ளனர்.

இதனால் பின்னியர் பிறவியிலேயே சமத்துவம் பேணுவோர் என்று நாம் கூற வரவில்லை. வருந்திப் படிக்கும் மாணவனை ‘ஹிக்கிப்பிங்கோ’ என்று அவர்களும் கேலி செய்கின்றனர்; வியர்வை அதிலும் இருக்கின்றது. ஆங்கிலத்தில் அத்தகைய மாணவனைக் குறிக்கும் ‘ஸ்வாட்’ என்பதும் ‘ஸ்வெட்’ என்பதன் திரிபே. வேறெதிலும் ஒன்றாத இரு மொழிகள் படிப்பாளியைப் பழிப்பதில் ஒன்றுபட்டிருப்பது ஆசிரியராகிய நமக்கு உவப்பான செய்தியன்று.

மேலும், பின்லாந்திலும் உயர்வு தாழ்வு இருந்தது. ஆனால் அது ஒரு மொழியின் சொற்களுக்கிடையே இல்லாமல் இரு மொழிகளுக்கிடையே இருந்தது. கற்றோரும் அதிகாரிகளும் சுவீடிய மொழி பேசினர். பின்னியம் குடியானவர் மொழி. 1863இல் உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆணையால் அது அலுவல் மொழியாகும் வழி திறந்தது. அந்தக் காலத்தில் அதற்கு அறிவியற் சொற்கள் ஆக்கியோருள் முதன்மையானவர் எலியாஸ் லொன்ரோத். ‘கலேவலா’ காப்பியத்தைத் தொகுத்தவராக உலகம் அறிந்த அவர், தொழிலால் மாவட்ட மருத்துவர். குடியானவர் வீட்டில் வைத்துப் படிக்கத்தக்க மருத்துவ நூலை 1839இல் எழுதினார். நாட்டார் வாய்ச்சொற்களின் வேர்களிலிருந்தே புதுச்சொற்களை வளர்த்தார். குடியானவன் மொழி அரியணை ஏறியபோது, அவன் சொற்களும் வேடம் மாற்றாமல் உடன் ஏறின. ‘ஹிக்கி’யும் அவ்வாறு ஏறியது.

ஆங்கிலம் தன் பழஞ்சொல்லை முற்றிலும் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடிசன் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற கூற்றில் நாகரிகச் சொல்லே வருகின்றது; அகத்தூண்டலைக் குறிக்கும் ‘இன்ஸ்பிரேஷன்’ என்பதற்கு அது எதுகையாக அமைந்தமையே காரணம். ஆனால் 1940 மே 13 அன்று, போரின் நெருக்கடியில் நாடாளுமன்றத்தில் பேசிய சர்ச்சில், குருதியையும் கண்ணீரையும் சொன்ன மூச்சில் பழைய ‘ஸ்வெட்’டையே சொன்னார். மக்களிடம் உழைப்பைக் கேட்க வேண்டிய நாளில் சீமான்களின் சொல் உதவவில்லை.

கூலிக் கணக்கிலும் அப்படியே. 1888இல் பிரபுக்கள் கூடி ஆராய்ந்தபோதும் தையற்காரனின் துயரத்துக்குப் பழஞ்சொல்லைத்தான் பெயராக வைக்க வேண்டியிருந்தது. கூலியாளின் கூலியைப் பற்றிய நபிமொழியை நேயர் அனைவரும் அறிவர். அதிலுள்ள சொல்லும், அறபுப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தவனுக்கும் அரசனுக்கும் பொதுவான ‘அரக்’ என்பதே. உடம்பு சிந்துவதை நாகரிகமாகச் சொல்லக் கற்பிப்பதில் குற்றமில்லை. ஆயின் அக்கற்பித்தலில் ஒரு பிள்ளை தன் தந்தையின் நெற்றியைக் கண்டு நாணத் தொடங்குமானால், அங்கே திருத்தப்பட்டது சொல் மட்டுமன்று. ஏடு திருத்தும் நம்மைப் போன்றோர் சிவப்பு மையை எடுக்கும்போது, அடிக்கப் போகும் சொல் எவருடைய நெற்றியிலிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நன்று.